கச்சான் காற்றும் சிலிக்கன் வளையமும்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. அட்டவணையில் எங்கள் பகுதிக்குரிய எழுத்தைத் தேடிப் பிடித்து, எப்போது வரும், எப்போது போகும் என்று அம்மா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். தண்ணீர் ஏற்றுவது, மா அரைப்பது, போனுக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் அந்த இடைவெளிகளுக்குள் முடிய வேண்டும். அதே இடைவெளிகளுக்குள் எனக்கும் ஒரு வேலை இருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்ட மாமாவிடம், "ஒளியை வளைக்கிறன் மாமா" என்றேன். "வீட்டில லைட் இல்லை, இவள் லைட்டை வளைக்கிறாளாம்" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னது இன்றுவரை எங்கள் வீட்டில் ஓடுகிறது.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் ரியூஷன் சொல்லிக் கொடுப்பவள். உவர்மலையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, பத்துப் பன்னிரண்டு கதிரை. அவ்வப்போது மான் ஒன்று வாசல்வரை வந்து விடைத்தாள்களை மணந்து பார்த்துவிட்டுப் போகும். எங்கள் ஊர் மான்கள் அப்படித்தான், பேப்பர், பொலித்தீன் எதுவும் விலக்கில்லை. வீதியில் எண்ணெய் இல்லை, பள்ளிக்கூடம் ஒழுங்காக நடப்பதில்லை, கையில் நேரம் இருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் சிலிக்கன் ஃபோட்டோனிக்ஸ், அதாவது சிலிக்கன் சிப்புக்குள் ஒளியை ஓடவைக்கிற தொழில்நுட்பம், அதன் வடிவமைப்புக்கு ஒரு வகுப்பு நடத்துகிறது. அதில் சேர்ந்தேன். என்னை இழுத்தது பாடத்திட்டம் அல்ல. கடைசியில் நாம் வரைந்து அனுப்பும் சுற்றை அவர்கள் உண்மையான சிலிக்கன் தகட்டில் எலக்ட்ரோன் கற்றையால் எழுதி, செதுக்கி, அளந்து, அளவைக் கோப்பாக அனுப்புவார்கள் என்பதுதான். உவர்மலையில் இருந்துகொண்டு ஒரு சிப். நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அந்தத் தகட்டில் எனக்குக் கிடைத்த காணி ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் நீளம், 0.4 மில்லிமீற்றர் அகலம். ஒரு அரிசியின் மேல் பல பேருக்குப் பங்கு பிரிக்கலாம்.

சரி, விஷயம் என்ன? டேட்டா சென்டர்களில் ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகிற வேகம் கூடக் கூட, செம்புக் கம்பி சூடாகிறது, சமிக்ஞை தேய்கிறது. அதனால் ஒளியைச் சிப்பின் வாசல்வரை கொண்டுவருகிறார்கள். 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த ஸ்விட்ச்சுகளில் (தரவை வழிபிரித்து அனுப்பும் கருவிகள்) ஒளிப்பகுதி ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே, ஒரே பொதிக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்குள் வேலை செய்வது மைக்ரோமீற்றர் கணக்கில் அளக்கிற சின்னச் சிலிக்கன் வளையங்கள். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப்போவதும் அப்படி ஒரு வளையத்தைப் பற்றித்தான்.

சிலிக்கன் கண்ணுக்குப் பளபளக்கிற கறுத்த கல். ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது ஒளியை உறிஞ்சும் எலக்ட்ரோன் தாண்ட வேண்டிய வேலி, 1.12 எலக்ட்ரோன்வோல்ட். 1550 நானோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியின் ஒரு போட்டனிடம், அதாவது ஒரு ஒளித்துகளிடம், இருப்பது 0.8 மட்டும். தாண்ட முடியாத வேலியை அது தொடுவதே இல்லை, அப்படியே ஊடுருவிப் போய்விடுகிறது. நமக்குக் கல், அதற்குக் கண்ணாடி. அந்த அலைநீளத்தில் சிலிக்கனின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 3.48, சுற்றியிருக்கும் சிலிக்கன் ஒட்சைட்டுக்கு 1.44. முழு உட்தெறிப்பு என்று உயர்தரத்தில் படிக்கிறோமே, கிணற்றுக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனின் படத்தோடு, அதேதான். ஆனால் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் எவ்வளவோ பெரிது. அதனால் ஒளியை 500 நானோமீற்றர் அகலம், 220 நானோமீற்றர் உயரமுள்ள ஒரு சிலிக்கன் கீற்றுக்குள் அடக்கலாம். இந்தக் கீற்றுக்குப் பெயர் வேவ்கைட். நான் பிள்ளைகளுக்கு வாய்க்கால் என்று சொல்லுவேன். ஒரு தலைமயிரின் தடிப்பில் இந்த வாய்க்கால் நூற்றுக்கு மேல் பக்கம் பக்கமாக அடங்கும். 5 மைக்ரோமீற்றர் ஆரையில் திருப்பினாலும் ஒளி பெரிதாகச் சிந்தாது. வீட்டுக்கு வரும் பைபர் கேபிளை இரண்டு விரலுக்குள் மடித்துப் பாருங்கள், இணையம் போய்விடும். சிலிக்கனில் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமான வளைவு சாதாரணம்.

இதற்கு ஒரு விலை உண்டு. நல்ல பைபரில் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழப்பு. அதாவது திருகோணமலை நகரத்தில் விட்ட ஒளி 15 கிலோமீற்றர் போய் நிலாவெளிப் பக்கம் சேரும்போதுதான் பாதியாகும். சிலிக்கன் வாய்க்காலில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2 டெசிபெல். ஒன்றரைச் சென்ரிமீற்றரில், சின்னவிரல் நகத்தின் நீளத்தைத் தாண்டினவுடனே, பாதி போய்விடும். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். சிலிக்கன் ஒளியைக் குடிப்பதால் அல்ல. செதுக்கும்போது வாய்க்காலின் பக்கச் சுவரில் ஓரிரண்டு நானோமீற்றர் சொரசொரப்பு மிஞ்சுகிறது. அவ்வளவு சின்ன வாய்க்காலில் ஒளி சுவரை உரசிக்கொண்டேதான் போகிறது. ஒவ்வொரு உரசலிலும் கொஞ்சம் தெறிக்கிறது.

நான் வரைந்த முதல் படங்களைப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. எல்லாம் மிக நேர்த்தி. கேலேயவுட் என்ற இலவச மென்பொருளில் வாய்க்கால்களை நேர்கோடாக, வளைவாக, சமச்சீராக அடுக்கிவிட்டு, பாடசாலைக் கொப்பியில் எல்லை போடுகிற பிள்ளை மாதிரிப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். படம் அழகாக இருப்பதற்கும் ஒளி அதன் வழியே போவதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிய ஒரு மாதம் எடுத்தது.

ஒளி எப்படிப் போகும் என்று கணித்துப் பார்க்க சிமுலேஷன் வேண்டும். எம்ஐடியில் பிறந்த மீப் என்ற திறந்த மென்பொருளைப் பாவித்தேன். 1966இல் கேன் யீ என்பவர் மெக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காலத்தை அடி அடியாக நகர்த்தித் தீர்க்கும் ஒரு வழியைச் சொன்னார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். 10 மைக்ரோமீற்றர் நீளம், 4 அகலம், 2 உயரமுள்ள ஒரு சின்னப் பெட்டியை 20 நானோமீற்றர்க் கட்டங்களாக வெட்டினால் ஒரு கோடிக் கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலம் மூன்று, காந்தப்புலம் மூன்று, ஒவ்வொரு அடியிலும் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். என் லப்டொப்பின் பற்றரி 40 நிமிடம் தாங்கும். மூன்று முறை, கணக்கு முக்கால்வாசி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது. நான்காம் முறை நான் ஒரு பிளேன்ரீயோடு போய்க் கொட்டகையில் உட்கார்ந்தேன், பேனாவும் தாளும் எடுத்தேன்.

எவ்வளவோ வேலையைத் தாளிலேயே முடிக்கலாம் என்பது அங்கேதான் தெரிந்தது. உதாரணத்துக்கு மாக்-ஸெண்டர். 1891இல் ஸெண்டர், 1892இல் மாக், கண்ணாடியும் ஆடியும் வைத்துச் செய்த தலையீட்டுமானி. சிப்பில் அதுவே ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து, ஒன்று சுற்றுவழி போய், மறுபடி சேர்வது. யங்கின் இரட்டைப் பிளவை ஒரு கோட்டில் மடித்து வைத்தது என்று சொல்லலாம். இரண்டு பாதைக்கும் 100 மைக்ரோமீற்றர் வித்தியாசம் வைத்தால், வெளியே வரும் ஒளி 5.7 நானோமீற்றருக்கு ஒரு தரம் ஏறி இறங்கும். இதற்கு ஒரு கோடிக் கட்டம் தேவையில்லை. அலைநீளத்தின் வர்க்கத்தை, பாதை வித்தியாசத்தாலும் கூட்டச்சுட்டியாலும் பிரித்தால் போதும். கூட்டச்சுட்டி என்பது சமிக்ஞை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதன் அளவு. இந்த வாய்க்காலில் அது ஏறத்தாழ 4.2. சிமுலேஷனை உண்மையிலேயே கையால் தொட முடியாத இடங்களுக்கு, கப்ளரின் இடைவெளி மாதிரியானவற்றுக்கு, ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

கப்ளர் என்பது இதுதான். இரண்டு வாய்க்கால்களை 200 நானோமீற்றர் இடைவெளியில் சமாந்தரமாக வைத்தால், ஒன்றில் போகிற ஒளி தொடாமலே மற்றதற்குத் தாவும். அக்காவின் மகன் இதை நம்பவில்லை. நடுவில் சுவர் இருக்கிறதே, ஓட்டை இல்லாமல் எப்படி? உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒரே நீள நூலில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தொங்கவிட்டோம். ஒன்றை ஆட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தளர்ந்தது, மற்றது ஆடத் தொடங்கியது. பிறகு முதலாவது அசையாமல் நின்றது, இரண்டாவது முழு வீச்சில். பிறகு திரும்பவும் மாறி. அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "இப்ப ஒரு நூலைக் கட்டையாக்கு" என்றேன். ஆக்கினான். இரண்டாவது போத்தல் கொஞ்சம் அசைந்தது, ஆனால் முழுதும் மாறவே இல்லை. வாய்க்கால்களிலும் அதேதான். இரண்டின் அகலமும் ஒத்திருந்தால்தான் ஒளி முழுதாக மாறும். எந்த இடத்தில் வெட்டிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாதி இங்கே, பாதி அங்கே என்றும் நிறுத்தலாம். கொடியின் தொய்வுதான் இங்கே 200 நானோமீற்றர். அது 180 ஆனால் எல்லாம் மாறிவிடும்.

ஒரு வாய்க்காலை வட்டமாக வளைத்து அதன் வாலைத் தலையோடு சேர்த்து, பக்கத்தில் ஒரு நேர் வாய்க்காலை வைத்தால் வளையம். சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கும் அலைநீளங்கள் மட்டும் உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றித் தங்கும். மற்றவை நேரே போய்விடும். வெளியே நின்று அளந்தால், தட்டையான கோட்டில் ஆங்காங்கே ஆழமான பள்ளங்கள். நான் வரைந்தது 10 மைக்ரோமீற்றர் ஆரை, சுற்றளவு 62.8. அதற்குள் ஏறத்தாழ நூறு அலைகள் அடங்கும். ஒரு அலை கூடினால் அடுத்த பள்ளம், ஒன்று குறைந்தால் மறுபக்கப் பள்ளம், இடைவெளி 9.1 நானோமீற்றர். ஒரு சுற்றில் வளையத்துக்குள் இழப்பதும், நேர் வாய்க்காலிலிருந்து உள்ளே போவதும் சமனாக இருந்தால் பள்ளம் அடிமட்டம்வரை இறங்கும். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ பள்ளம் தூர்ந்துவிடும். இதைச் சரிப்படுத்தவே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் எனக்குப் பிடித்த வாரங்கள்.

கெடுத்தது வேறு இடத்தில்.

பைபரில் ஒளி 10 மைக்ரோமீற்றர் அகலத்தில் வருகிறது. அரை மைக்ரோமீற்றர் வாய்க்காலுக்குள் அதை எப்படித் திணிப்பது? வழக்கமான வழி, சிலிக்கனின் மேல் 630 நானோமீற்றருக்கு ஒன்றாக 70 நானோமீற்றர் ஆழமான வரிப்பள்ளங்கள் செதுக்குவது. இதற்குக் கிரேட்டிங் கப்ளர் என்று பெயர். மேலிருந்து சற்றுச் சரிவாக விழும் ஒளியை அது கிடையாகத் திருப்பும். அதற்குப் பிறகு அகலமான சிலிக்கன் மெதுவாக ஒடுங்கி வாய்க்காலாக வேண்டும். இப்படிச் சாதாரணமாகச் செய்த ஒரு கப்ளருக்கு மூன்று நான்கு டெசிபெல் போய்விடும். உள்ளே 4, வெளியே 4 என்றால் மிஞ்சுவது நூற்றில் 16. சிப்புக்குள் ஒரு டெசிபெல்லின் பத்தில் ஒரு பங்குக்காக மாரடித்துவிட்டு வாசலில் நூற்றுக்கு 84ஐத் தொலைப்பது எனக்கு இன்றைக்கும் சகிக்கவில்லை. இந்தத் துறையின் பெரிய தலையிடி வாசல்தான் என்பது என் எண்ணம்.

வகுப்பில் சோதித்துப் பார்த்த கப்ளர் ஒன்றைத் தயாராகவே தருகிறார்கள். எடுத்து ஒட்டினால் போதும். நான் கேட்கவில்லை. ஒரு சோடிக்கு மட்டும் நானே ஒன்று வரைந்தேன். வரிப்பள்ளத்தை ஒழுங்காகக் கணித்தேன். ஆனால் காணியில் இடம் முட்டியது. இன்னொரு வளையத்தை நுழைக்க வேண்டும் என்ற ஆசையில், 12 மைக்ரோமீற்றர் அகலத்திலிருந்து அரை மைக்ரோமீற்றருக்கு ஒடுங்கும் பகுதியை 30 மைக்ரோமீற்றரில் முடித்துவிட்டேன். நேராக ஒடுங்குவதென்றால் சில நூறு வேண்டும். அந்தத் துண்டை மட்டும் சிமுலேஷன் செய்யவில்லை. முக்கோணம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

என்ன இருக்கிறது என்று உப்புவெளிக் கரையில் ஒரு காலையில் கொஞ்சம் விளங்கியது. மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திர வள்ளங்கள் மணலில் கிடந்த நாட்கள். கரைவலைத் தோணி மட்டும் தண்டு வலித்துப் போய் வந்தது. மீன் வாங்கப் போன மாமாவோடு நானும் போயிருந்தேன். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க, வலை மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. இரண்டு கைகளிலும் வலைக்கண் பெரிது. மடியை நெருங்க நெருங்கக் கண் சிறுத்துக்கொண்டே போகிறது, அகலமும் ஒடுங்கிக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் கடல் முடிந்து வலை தொடங்கியது என்று மீனுக்குத் தெரியாத மாதிரி. என் முக்கோணத்தை நினைத்துக்கொண்டேன். மாமாவுக்கு அதை விளக்கத் தொடங்கினேன். அவர் சூடையின் விலையைச் சம்மாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உவமை முழுக்கப் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சட்டென்று ஒடுங்கினால் மீன் திரும்பிப் போகும். ஒளி பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. அகலமான இடத்தில் ஒரே மேடாக வந்த ஒளி, சுவர் தன் உருவத்தை விட வேகமாக நெருங்கும்போது இரண்டு மேடு, மூன்று மேடு என்று உடைந்துபோகிறது. அந்த உருவங்களுக்கு ஒடுங்கிய வாய்க்காலில் இடமில்லை. அவை ஒட்சைட்டுக்குள் கரைந்துவிடும். மெதுவாக ஒடுக்கினால் ஒளி தன் உருவத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அன்றைக்கு எனக்குப் புத்தி வந்ததே தவிரக் கோப்பு ஏற்கெனவே போய்விட்டது.

அளவு வந்தபோது என் சொந்தக் கப்ளர் சோடி, வகுப்பில் தந்ததைவிடப் பத்து டெசிபெல் கீழே கிடந்தது. பத்தில் ஒன்று. அதோடு தொடுத்திருந்த வளையத்தின் பள்ளங்கள் இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டன. நல்ல வேளை, இன்னொரு வளையத்தையும் ஒரு மாக்-ஸெண்டரையும் அவர்களுடைய கப்ளரில் மாட்டியிருந்தேன்.

இடையில் கச்சான் தொடங்கிவிட்டது. வேறு ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்களுக்குக் கச்சான் என்றால் கடலை மட்டுமல்ல. மேற்குப் பக்கத்திலிருந்து தரையைக் கடந்து வரும் காய்ந்த காற்றும்தான். மே மாதம் தொடங்கினால் ஓகஸ்ட் வரைக்கும் வீசும். மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் சோக்குக் கட்டி கையில் ஒட்டும். இந்தக் காற்றுக்கும் என் வளையத்துக்கும் ஒரு பகை இருக்கிறது. சிலிக்கனின் முறிவுச்சுட்டி வெப்பநிலையோடு ஏறும். ஒரு பாகைக்கு 0.00018தான். அது ஒன்றுமில்லாத எண் மாதிரி இருக்கும். ஆனால் வளையத்தின் பள்ளம் அதனால் பாகைக்கு ஏறத்தாழ 0.075 நானோமீற்றர் நகர்கிறது. தொலைத்தொடர்பில் ஒரே பைபரில் பல அலைநீளங்களை அடுக்கும்போது, 100 கிகாஹேட்ஸ் இடைவெளியில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது 0.8 நானோமீற்றர். அப்படியென்றால் காலை ஆறு மணிக்கும் மத்தியானத்துக்கும் இடையில் கொட்டகையில் ஏறும் பத்துப் பாகை போதும், வளையம் தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனின் அலைநீளத்துக்குள் போய் நின்றுவிடும்.

ஆகவே உண்மையான சிப்புகளில் வளையத்துக்கு மேல் ஒரு உலோகக் கம்பி ஓடுகிறது. மின்சாரம் விட்டால் சூடாகும், பள்ளம் நகரும், சரியான இடத்தில் பிடித்து வைக்கலாம். இதில் ஒரு கிராமத்துத் தந்திரம் இருக்கிறது. கம்பியால் சூடாக்கத்தான் முடியும், குளிரவைக்க முடியாது. சூடாக்கினால் பள்ளம் நீண்ட அலைநீளப் பக்கம் மட்டும்தான் போகும். அதனால் வரையும்போதே பள்ளத்தை வேண்டுமென்று குறுகிய பக்கம் தள்ளி வைத்துவிடுகிறார்கள். வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைப்பது மாதிரி. கச்சான் காற்றில் வியர்த்துக்கொண்டு, ஒரு பொருள் சரியாக வேலை செய்ய அதைச் சூடாக்க வேண்டும் என்று வாசிப்பது கொஞ்சம் எரிச்சல்தான்.

சூட்டைவிடப் பொல்லாதது அகலம். வாய்க்கால் ஒரு நானோமீற்றர் கூடினால் அல்லது குறைந்தால் பள்ளம் ஏறத்தாழ ஒரு நானோமீற்றர் நகரும். தடிப்பு மாறினால் அதைவிடவும் கூட. ஒரு நானோமீற்றர் என்பது சிலிக்கனில் நாலைந்து அணு. 500 என்று வரைந்து 500 வாங்க யாராலும் முடியாது. 493 வரும், 505 வரும், தகட்டின் நடுவில் ஒன்று, ஓரத்தில் இன்னொன்று வரும். இதனால்தான் நான் இப்போது எந்தப் பாகத்தையும் மூன்று அகலத்தில் கணிக்காமல் நம்புவதில்லை, நினைத்த அளவு, அதில் பத்துக் குறைவு, பத்துக் கூட. மூன்றிலும் சுமாராக வேலை செய்கிற வடிவத்துக்கும், ஒன்றில் மட்டும் அற்புதமாக வேலை செய்கிற வடிவத்துக்கும் நடுவே தெரிவு வந்தால் சுமாருக்குத்தான் என் கை போகிறது. கணினியிடமே விட்டு வடிவத்தைத் தேடவைக்கும் முறை ஒன்று உண்டு. 2015இல் ஸ்டான்போர்டில் 2.8 மைக்ரோமீற்றர் சதுரத்துக்குள் 1300ஐயும் 1550ஐயும் பிரிக்கும் ஒரு பாகத்தை அப்படிச் செய்து காட்டினார்கள். கறையான் அரித்த பலகை மாதிரி ஒரு படம், ஆனால் வேலை செய்தது. வியப்புத்தான். இருந்தாலும் அந்தக் கறையான் ஓட்டைகள் எல்லாம் ஒளியால் அச்சடிக்கும் தொழிற்சாலையில் முனை மழுங்கி வரும்போது என்ன ஆகும் என்று என் மனம் உடனே கேட்கிறது. அரித்த பலகையில் ஒரு முறை நான் கதிரை செய்ய விட்டு விழுந்திருக்கிறேன்.

ஓகஸ்டில் அளவுக் கோப்பு வந்தது. அறிக்கை எழுதினேன். 1550இல் வரவேண்டிய பள்ளம் 1543இல் இருக்கிறது, ஆகவே வாய்க்கால் 7 நானோமீற்றர் ஒடுங்கிவிட்டது என்று கூசாமல் எழுதினேன். அனுப்புவதற்கு முதல் நாள் பின்னேர வகுப்பில், அலைகள் பாடத்துக்கு ஒரு கணக்காக இதையே பலகையில் போட்டேன். வளையத்தின் ஆரை 10 மைக்ரோமீற்றர். பள்ளங்கள் 1543.0இலும் 1552.1இலும். கூட்டச்சுட்டி என்ன?

முதல் கை தூக்கிய பொடியன் 26.3 என்றான். வைரத்தின் முறிவுச்சுட்டியே 2.4தான் என்றேன். சுற்றளவுக்குப் பதிலாக ஆரையைப் போட்டிருக்கிறான். திருத்தினான். 4.19 வந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம், 4.2 என்று தாளில் போட்ட எண், வேறு ஒரு கண்டத்தில் செதுக்கிய சிலிக்கனிலிருந்து வந்து பலகையில் நிற்கிறது.

"ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?" என்று ஒருத்தி. வராது என்றேன். இரண்டு பேர் பேனாவை மூடினார்கள்.

"நீங்கள் 1550இலயெல்லோ வரவேணும் எண்டு வரைஞ்சியள்?" என்று பின்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது. அதிகம் பேசாத பிள்ளை.

"ஓம். செதுக்கேக்க அகலம் குறைஞ்சிட்டுது."

"சூடாக்கினா சரிவருமெல்லோ?"

"கணக்குப் பாருங்கோ. பாகைக்கு 0.075."

ஏழை 0.075ஆல் பிரித்தார்கள். 93. "93 பாகையோ! முட்டை அவிக்கலாம் ரீச்சர்" என்று ஒரு பொடியன். கொட்டகை சிரித்தது. பின்வரிசைப் பிள்ளை சிரிக்கவில்லை.

"ரீச்சர், 1552இல நிக்கிறதுதான் உங்கட 1550 எண்டு ஏன் சொல்லேலாது? அது இரண்டுதானே தள்ளி நிக்குது. அப்ப அகலம் குறையேல்ல, கூடியிருக்கு."

நான் சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பள்ளங்களில் பெயர் எழுதியிருப்பதில்லை. எல்லாம் ஒரே மாதிரி. 1550இல் இருந்தது இடப்பக்கம் 7 போயிருக்கலாம், வலப்பக்கம் 2.1 போயிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு இடைவெளி, 9.1. ஒரு வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. எனக்கு 7 பிடித்திருந்தது, வாய்க்கால் ஒடுங்கும் என்று எங்கேயோ வாசித்திருந்ததால்.

"அப்பிடியெண்டா குளிரவைக்க வேணும்" என்றான் முட்டைக்காரன். 2.1ஐ 0.075ஆல் பிரித்தான். "28. அளந்தது எத்தினை பாகையில ரீச்சர்?"

"25."

"அப்ப மைனஸ் மூண்டு." கையால் முகத்துக்கு விசிறிக்கொண்டான். "இஞ்ச கொண்டு வராதேங்கோ."

அன்றிரவு கரண்ட் எட்டு மணிக்கு வந்தது. மாக்-ஸெண்டரின் கோப்பைத் திறந்தேன். அதே தகடு, அதே காணி, அதே அகலம். ஆனால் அதன் ஏற்ற இறக்கம் 5.7க்கு ஒரு தரம். வளையத்தின் 9.1ஓடு பொருந்தாத எண். 7 இடப்பக்கம் போயிருந்தால் அதன் பள்ளங்கள் நான் கணித்த இடத்திலிருந்து 1.3 இடப்பக்கம் நிற்க வேண்டும். 2.1 வலப்பக்கம் என்றால் 2.1 வலப்பக்கமே. வரைபடத்தைப் பெரிதாக்கி, கணித்த கோட்டை மேலே வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம், இரண்டுக்குக் கொஞ்சம் மேல்.

அறிக்கையில் "7 நானோமீற்றர் ஒடுங்கியது" என்ற வரியை அழித்து "2 நானோமீற்றர் அகன்றது" என்று எழுதினேன். கரண்ட் போக இன்னும் 20 நிமிடம் இருந்தது. அம்மா மோட்டரைப் போடச் சொல்லிக் கூப்பிட்டார்.